சட்டியோட நிறுத்துச் சொல்லு, மனே

மனே, வா, இந்தப் பாயில குந்து. பெத்தா கிணத்தடியில நிக்கிறா, இப்போதைக்கு வரமாட்டா. முழங்காலுக்கு நாலாந்தரம் சவுக்காரம் போட்டுக் கழுவுறா. நீ கம்பஸில இருந்து கொண்டுவந்து ஜன்னல் கட்டையில வைச்ச போத்தலை அவ தைலம் எண்டு நினைச்சிட்டா. அவவில பிழை இல்ல. கரும்பச்சை நிறம், குழையக் குழைய இருந்திச்சு, வெளியில ஒரு துண்டுக் கடுதாசி இல்ல. என்னெண்டு கேட்டதுக்கு நீயும் ‘ஜெல்’ எண்டு மட்டும் சொல்லிப்போட்டு மீன் வாங்கப் போயிட்டாய். இந்த ஊரில ஜெல் எண்டால் முழங்காலுக்குப் பூசுறது, இல்லாட்டி மயிருக்குப் பூசுறது. எனக்கு மயிர் இல்ல, அவவுக்கு முழங்கால் இருக்கு. மறுகா என்ன நடக்கும்?

பகிடியை விடு. அதில அனிலீன் மிச்சம் கிடந்தால் தோலால உள்ள போய் ரத்தத்தையே கெடுக்கும் எண்டு நேத்து ராவு நீதான் சொன்னாய். சொல்லிப்போட்டுப் போத்தலுக்குப் பேர் எழுத மறந்த விஞ்ஞானியும் நீதான். முதலாவது புத்திமதி காசில்லாமத் தாறன்: நாட்டுக்குக் கறண்ட் சேர்க்க வெளிக்கிட முந்தி போத்தலுக்குப் பேர் ஒட்டு. கழுவின தண்ணிய வாவிக்குள்ள ஊத்தாத. இறாலுக்கு டொக்டர் இல்ல.

நான் எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். விளங்காததுக்கு விளங்கின மாதிரித் தலையாட்டுற பழக்கம் எனக்கில்ல, அது படிச்ச ஆக்களின்ட வேலை. அதால நீ சொன்னதை நான் திருப்பிச் சொல்லுறன், பிழை இருந்தாத் திருத்து. கறண்டைச் சேர்த்து வைக்கிற சாமானுக்கு ரெண்டு மின்வாய் வேணும். கறண்ட் அதால உள்ள போய் அதாலதான் வெளிய வரும். நல்ல பேர்தான் வைச்சிருக்கான்கள், மின்வாய்! வாய் எண்டால் ரெண்டு வேலை, திங்கிறது ஒண்டு, கதைக்கிறது ஒண்டு. உன்ட மின்வாய் எவ்வளவு திங்குது எண்டு பிறகு பார்ப்பம். கதை நல்லாத்தான் வருது.

நீ சொன்ன எல்லாத்தையும் நான் தயிராக்கித்தான் விளங்கிக்கொண்டன். எங்கட பட்டியில எருமை நிண்ட காலத்தில பின்னேரம் பாலைக் காய்ச்சி, கைச்சூட்டுக்கு ஆற விட்டு, மண்சட்டியில ஊத்தி, முதல் நாள் தயிரில ஒரு கரண்டிய உறையா விடுவம். விடியப் பார்த்தாச் சட்டியக் கவிழ்த்தாலும் விழாது. பாலில மிதந்த புரதமெல்லாம் புளிப்புக் கண்டதும் ஒண்டையொண்டு பிடிச்சு வலையாகித் தண்ணிய உள்ளுக்கு வைச்சுப் பூட்டிட்டு. சட்டிக்குள்ள கூட இருக்கிறது தண்ணிதான், ஆனா ஓடாது. அதுதான் ஜெல். எங்கட ரோட்டோரக் கடைகளில கயிறு கட்டித் தொங்குறதெல்லாம் ஜெல்தான். நாங்க அதுக்கு ஒருநாளும் பட்டம் கேட்டதில்ல.

உன்ட சட்டியில வலை பின்னுறது புரதம் இல்ல, கறண்ட் கடத்துற பொலிமர். அந்தச் சங்கிலியில இலத்திரன் ஓடும், இடையில நிக்கிற தண்ணியில அயன் நீந்தும். ரெண்டும் கிட்டக் கிட்டச் சந்திச்சால்தான் கறண்ட் சேரும். பொலிமர் காய்ஞ்ச கட்டியாக் கிடந்தா அயன் வெளித்தோலைத் தொட்டுப்போட்டுத் திரும்பிப் போகும். ஜெல்லா இருந்தா ஒவ்வொரு இழைக்கும் பக்கத்தில தண்ணி. வாவிக்கரைக் கண்டல் வேரைப் பார். அதே மரத்தை அரிஞ்சு பலகையாப் போட்டா ஒரு இறால் அண்டாது. வேரா நிக்கும்போது எத்தினை ஆயிரம் குஞ்சு ஒளிக்குது! இது மட்டும் நீ சொன்னதில எனக்கு உண்மையாவே பிடிச்சது.

மறுகா அந்த யப்பான்காரர் கதை. பிளாஸ்டிக் கறண்ட் கடத்தாது, அதாலதான் வயருக்கு மேல பிளாஸ்டிக் போர்க்கிறம். அப்படியிருக்க, 1967இல தோக்கியோவில ஹிடெக்கி ஷிரகாவா வேலை செஞ்ச ஆய்வுகூடத்தில பொலிஅசற்றிலீன் செய்ய நிண்ட ஒருத்தர் ஊக்கிய ஆயிரம் மடங்கு கூடப் போட்டுட்டாராம். தூள் வரவேண்டிய இடத்தில வெள்ளி மாதிரி மினுங்குற ஏடு வந்திச்சாம். எங்கட வீட்டில உறை ஒரு கரண்டி கூடினாப் பெத்தா தயிர்ச் சட்டியோட முத்தத்துக்கு எறிவா. அங்க எறியல்ல, எடுத்து வைச்சாங்க. பிறகு ஷிரகாவா அமெரிக்காவில அலன் மக்டயமிட்டிட்டையும் அலன் ஹீகரிட்டையும் போய், அந்த ஏட்டுக்கு அயடீன் காட்ட, கறண்ட் கடத்துறது ஒரு கோடி மடங்கு ஏறிச்சு. 1977இல எழுதி வெளியிட்டாங்க, 2000ஆம் ஆண்டு மூணு பேருக்கும் நோபல். நோபல் கதையை நீ ஏன் எனக்குச் சொன்னாய் எண்டும் எனக்குத் தெரியும். பிழை விட்டாப் பரிசு வரும் எண்டு நினைக்காத மனே. பிழை எல்லாரும் விடுறதுதான், எறியாம எடுத்துப் பார்த்ததுக்குத்தான் பரிசு.

அடுத்தது தவிட்டுக் கதை. இதைக் கேட்ட பிறகு ராவு எனக்கு நித்திரை வரல்ல. 2012இல ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்து ஆக்களும் சீனத்து நான்ஜிங் ஆக்களும் சேர்ந்து பொலிஅனிலீன் ஜெல் செஞ்சாங்க எண்டாய். லிஜியா பான், குய்ஹுவா யூ, யி சூய், ஷெனான் பாவ் எண்டு பேர்களும் சொன்னாய். அதுக்கு அவங்க விட்ட உறை பைற்றிக் அமிலம். அதின்ட ஒரு மூலக்கூறுக்கு ஆறு பொஸ்பேற்றுக் கை. அந்தக் கைகளால பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளைப் பிடிச்சுக் கட்டும், கட்டின கையாலயே கறண்ட் கடத்தவும் வைக்கும். ரெண்டு கரைசலையும் கலந்தா நிமிசக் கணக்கில கரும்பச்சையா இறுகிப் போகும். அந்தப் பைற்றிக் அமிலம் எதில நிறைய இருக்கு எண்டு கேட்டன். ‘அரிசித் தவிட்டில, பெத்தப்பா’ எண்டாய். அறுபது வருசமாக் கோழிக்கும் மாட்டுக்கும் நான் அள்ளிப் போட்ட சாமான்! படுவான்கரை ஆலைகளில மூட்டை மூட்டையாக் கிடக்குது. எங்கட மாடு இவ்வளவு காலமும் கறண்ட் சாமான் திண்டிருக்கு, ஒரு லைற் கூட எரியல்ல.

இதெல்லாம் எதுக்கு எண்டு கேட்டாத்தான் உனக்கு ஆவேசம் வருது. சேர்த்து வைக்கத் தெரியாத நாடு எண்டு சொல்லுறாய். அதில நான் உன்ட பக்கம். 2022 மார்ச் கடைசியில நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டினாங்க. மூணு வருசத்தில எல்லாம் தலைகீழ். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை பகல், பாணந்துறை உப மின்நிலையத்துக்குள்ள ஒரு குரங்கு பாய்ஞ்சதாம், முழு இலங்கையும் இருண்டு போச்சு. மந்திரியே குரங்கு எண்டுதான் சொன்னார். பிறகு பெரிய ஆக்கள் விளக்கினாங்க: லீவு நாள், செலவழிக்க ஆளில்ல, கூரைகளில இருந்து சூரியக் கறண்ட் மிதமிஞ்சி வந்துகொண்டிருந்திச்சு, அடி விழுந்ததும் தாங்கிப்பிடிக்க ஒண்டுமில்ல எண்டு. அதே வருசம் சித்திரைப் புதுவருச லீவுக்குக் கூரைச் சூரியத்தகட்டை நிப்பாட்டி வையுங்க எண்டு மின்சார சபையே கேட்டுது. வெயிலை வேணாம் எண்டு சொன்ன முதல் நாடு நாமளாத்தான் இருப்பம். பத்துப் போகம் விளைஞ்சும் ஒரு பட்டறை கட்டத் தெரியாத போடியாரை நீ கண்டிருக்கிறியா?

ஆனா ஒண்டை மறைக்காமச் சொல்லோணும். பகல் வெயிலை ராவுச் சோத்துக்கு வைக்கிறது உன்ட சாமான் இல்ல, அது பற்றரியின்ட வேலை. போனில இருக்கிற லிதியம் பற்றரி ஒரு கிலோவுக்கு 150இல இருந்து 250 வாட்–மணி பிடிக்கும். கடையில விக்கிற சூப்பர் கப்பாசிட்டர், அதுதான் உங்கட புத்தகத்துக் கொள்ளளவி, அஞ்சு பத்தோட நிக்கும். பற்றரி நெல்லுப் பட்டறை, நிறையப் பிடிக்கும், ஏத்தி இறக்க நேரம் வேணும். கப்பாசிட்டர் மடிப்பை, கொஞ்சம்தான் பிடிக்கும், ஆனா வைச்ச கையோட எடுக்கலாம். குரங்கு பாய்ஞ்ச அந்த ஒண்டு ரெண்டு செக்கனுக்கு மடிப்பை தோதான சாமான். உன்ட ஜெல் மின்வாய் மடிப்பைய இன்னும் கொஞ்சம் பெருப்பிக்கும், ஏனெண்டா அயன் மேற்தோலில மட்டும் ஒட்டாம உள்ள போய்ச் சங்கிலியோட கொடுக்கல் வாங்கல் செய்யுது. அவ்வளவுதான். இதைப் போய்க் களுவாஞ்சிகுடிச் சந்தையில நிண்டு ‘பற்றரியின்ட காலம் முடிஞ்சு’ எண்டு சொல்லாத.

உள்ள போற அயனால ஒரு வில்லங்கமும் இருக்கெண்டு சொன்னாய். ஏறும்போது பொலிமர் வீங்கும், இறங்கும்போது சுருங்கும். ஆயிரந்தரம் வீங்கிச் சுருங்கினா வெடிக்கும். இதை நீ எனக்குப் படிப்பிக்கத் தேவையில்ல. மாரியில வாவி வீங்கும். வெள்ளம் வட்டைக்கு மேல ஏறினாப் பாலமீன்மடுப் பக்கம் மண்ணை வெட்டி முகத்துவாரத்தைத் திறந்து விடுவாங்க. வயல்காரன் சிரிப்பான், இறால் கடலுக்குப் போகுதெண்டு வலைக்காரன் கத்துவான். ஆனா வாவிக்கரை உடையுறதில்ல, ஏனெண்டா அது சேறு. கல்லுக்கட்டுத்தான் வெடிக்கும். உன்ட ஜெல்லும் சேறு மாதிரி, உள்ளுக்கு இடம் இருக்கு, வீக்கத்துக்கு வளையும். அந்தக் குணத்துக்காகவே 2013இல அதே ஸ்டான்போர்ட் ஆக்கள் இந்த ஜெல்லை சிலிக்கன் துகளுக்குப் போர்வையாப் போட்டாங்களாம். சிலிக்கன் லிதியத்தைத் திண்டா மூணு நாலு மடங்கு வீங்கி நொறுங்குற சாமான். ஜெல் போர்வைக்குள்ள 5000 தரம் ஏத்தி இறக்கியும் பத்தில ஒன்பது பங்கு நிண்டுதாம். என்னைக் கேட்டால், உன்ட ஜெல்லுக்கு மாப்பிள்ளை வேலையவிடத் தோழன் வேலை பொருந்தும். அடுத்தவனைத் தாங்கிப் பிடிக்கிறதில அதுக்கு நல்ல பேர் இருக்கு.

இப்ப கிட்ட வா. பெத்தாவுக்குக் கேக்கக்கூடாது. நான் தயிர் வித்த காலத்தில ஒரு களவு செஞ்சவன். குயவனிட்டச் சொல்லிச் சட்டியின்ட அடியை ரெண்டு விரல் தடிப்பாச் செய்விச்சன். வெளியில பார்த்தாப் பெரிய சட்டி, தூக்கினாப் பாரம், கரண்டி விட்டா மட்டும் கெதியா அடி தட்டும். வாங்கினவன் கொழும்பு பஸ்ஸில ஏறிப் பொலன்னறுவை தாண்டின பிறகுதான் திறந்து பார்ப்பான். அவன் என்னைத் தேடி வரவா போறான்? சட்டிக் களவு எண்டால் என்னெண்டு என்னட்டக் கேள்.

அதாலதான் நீ ‘கிராமுக்கு 480 ஃபரட், பெத்தப்பா’ எண்டு கண் விரியச் சொன்னப்போ நான் கேட்டன்: எதின்ட கிராம்? நீ ஒரு தரம் இருமினாய். காய்ஞ்ச பொலிமரின்ட கிராமாம். ஜெல்லுக்குள்ள நிக்கிற தண்ணி கணக்கில இல்ல. அமிலக் கரைசல் இல்ல, கறண்டை வாங்குற தகடு இல்ல, நடுவில வைக்கிற தாள் இல்ல, வெளிக்கூடு இல்ல. நாங்க சட்டியக் கூட்டித் தயிர் எண்டு வித்தம். நீங்க சட்டிய ஒளிச்சுத் தயிரை மட்டும் நிறுக்கிறீங்க. என்ட களவுக்கு நேர் எதிர்க் களவு, ஆனா ஒரே குடும்பம்.

அதுவும் எவ்வளவு தயிர்? ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு மில்லிகிராம். கடைச் சாமானில பத்து மில்லிகிராம் பூசுறாங்க, தடிப்பாப் பூசினா அயன் அடிவரைக்கும் போகக் களைச்சிடும். ஒரு இறாலை நிறுத்து 56 கிலோமீற்றர் வாவியால பெருக்கின கணக்குத்தான் இது. இதை நான் மட்டும் சொல்லல்ல. 2011இலயே யூரி கோகோட்ஸியும் பற்றிஸ் சிமோனும் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில இதைத்தான் எழுதினாங்க எண்டு உன்ட கொப்பியிலயே குறிச்சு வைச்சிருக்கிறாய். கூட்டோட பார்த்தா வேலை செய்யிற சாமான் மூணில ஒரு பங்குகூட வராது, மெல்லிசாப் பூசிக் காட்டின எண் சாமானுக்கு வராது எண்டு. குறிச்சு வைச்சாய், கோடும் போட்டாய், ஆனா அடுத்த பக்கத்தில 480ஐத்தான் பெரிசா எழுதியிருக்கிறாய். கல்லடிப் பாலத்தில நிலாக்காலத்தில மீன் பாட்டுக் கேக்கப் போறவன் துடுப்பைக் காதில வைச்சுக் ‘கேக்குது, கேக்குது’ எண்டுதான் சொல்லுவான். பக்கத்தில நிக்கிறவனுக்கும் கேட்டதா எண்டு கேட்டுத்தான் நம்பணும்.

மறுகா எத்தினை தரம் எண்ட கணக்கு. அந்த 2012 ஜெல் 10,000 தரம் ஏத்தி இறக்கினாப் பிறகும் நூற்றுக்கு 83 நிண்டுது எண்டாய். நல்லது. 10,000 பெரிய எண்தான். ஷாங்காயில 2006இல கப்பாசிட்டர் பஸ் ஓட வெளிக்கிட்டுது, தரிப்பிடங்களில நிண்டு சார்ஜ் போடும். பிரான்சில லோரியோன் துறைமுகத்தில 2013இல ஓட வெளிக்கிட்ட ஒரு படகு, கரையில ஆள் ஏறி இறங்குற நாலு நிமிசத்தில சார்ஜ் ஏத்திக்கொண்டு மற்றக் கரைக்குப் போகும் எண்டு நீ சொன்னப்போ, குருமண்வெளியில நிண்டு மண்டூர்க் கந்தனிட்டப் போகப் பாதைப் படகுக்குக் காத்திருந்த நாளெல்லாம் எனக்கு ஞாபகம் வந்திச்சு. அந்த மாதிரி எங்கட பாதைக்கும் ஒண்டு வேணும் எண்டு எனக்கும் ஆசைதான். ஆனா நான் விரல் விட்டு எண்ணினன். நாளைக்கு முப்பது தரம் கரை மாறினா 10,000 எண்டது 333 நாள். அடுத்த கந்தன் திருவிழாவுக்கே உன்ட ஜெல் கிழடாப் போகும். லோரியோன் படகில போட்டது ஜெல் இல்ல, காபன். காபன் அஞ்சு லட்சம், பத்து லட்சம் தரம் தாங்கும், பிடிக்கிறது குறைவானாலும். கொஞ்சமாத் திண்டு கனகாலம் உழைக்கிற மாடு ஒரு பக்கம், நிறையத் திண்டு ஒரு போகத்தில படுக்கிற மாடு மற்றப் பக்கம். எந்த மாட்டை வாங்குவாய்?

ஒழும்பி அந்த ஜன்னல் கட்டையப் பார். பெத்தா மூடியத் திறந்து மூணு நாள். போத்தலுக்குள்ள என்ன இருக்கு? கரும்பச்சையாக் குழைஞ்சது போய்க் காய்ஞ்ச பொருக்கு, சுவரை விட்டுக் கழண்டு மூணு துண்டா வெடிச்சிருக்கு. ஆவணி மாசத்துப் படுவான்கரை வயல் மாதிரி. கண்ணாடி அறையில, குளிரூட்டியில, மூடி போட்டு வைச்சுப் பார்த்ததெல்லாம் சரி, இந்த ஊர் வெயிலும் உப்புக்காத்தும் உன்ட கம்பஸுக்கு வந்து கையெழுத்து வைக்கிறதில்ல. கிளிசரின் கலந்தாத் தண்ணி கெதியாக் காயாது எண்டு நீயே சொல்லுறாய். அப்ப கலந்து பார். கலந்ததை இந்த ஜன்னலிலயே ஒரு மாரியும் ஒரு கோடையும் வை. வாடகை வேணாம்.

சோர்ந்து போகாத. பகிடி பண்ணுறவன் எல்லாம் எதிரி இல்ல. இந்த நாட்டில இது புது வேலையும் இல்ல. குளியாப்பிட்டியில வயம்பப் பல்கலைக்கழகத்தில குமுது பெரேராவும் கமல் விதானபத்திரனவும் பொலிபிரோல் மின்வாயும் ஜெல் மின்பகுபொருளும் வைச்சுக் கனகாலமாக் கப்பாசிட்டர் செய்யிறாங்க எண்டு நீதான் சொன்னாய். போகலையிலயும் கஹட்டகஹவிலயும் உலகத்தில அருமையான நரம்புக் காரீயம், அதுவும் காபன்தான், பூமிக்குள்ள கிடக்குது, மூட்டை கட்டி அனுப்பிப்போட்டுப் பென்சிலா வாங்குறம். காரீயம் மேற்கில, தவிடு எங்கட கையில, வெயில் தலைக்கு மேல. காரீயத்தையும் ஜெல்லையும் பிணைச்சுப் பார், காபன் கனகாலம் உழைக்கட்டும், ஜெல் கொஞ்சம் கூடப் பிடிக்கட்டும். ஆளுக்கொரு குறை இருக்கிற ரெண்டு பேரைக் கட்டி வைச்சாத்தான் குடும்பம் ஓடும். என்னையும் பெத்தாவையும் பார்.

அதால மனே, அடுத்த லீவுக்கு வரும்போது எனக்கு மூணு எண் கொண்டுவா. முதலாவது, தண்ணி, தகடு, தாள், கூடு எல்லாத்தோடையும் நிறுத்தா எவ்வளவு பிடிக்குது. ரெண்டாவது, எத்தினை ஆயிரந்தரத்தில பாதியாப் போகுது. மூணாவது, எங்கட வெயிலில எத்தினை மாசம் நிக்குது. மூணும் சின்ன எண்ணா இருந்தாலும் பரவாயில்ல, சொல்லு. சின்ன எண்ணை உள்ளபடி சொன்னவனை நான் கடப்படியில வந்து கூட்டிக்கொண்டு போவன். 480ஐ மட்டும் தூக்கிக்கொண்டு வந்தா அந்தக் கடப்பிலயே கிறுகிப் போ.

பெத்தா வாறா. போத்தலைப் பின்னுக்கு ஒளி. கையக் கழுவிப்போட்டுச் சோத்துக்கு வா, இண்டைக்குத் தயிரும் இருக்கு. சட்டியைப் பார்த்து ஏமாந்திடாத. அது என்ட காலத்துச் சட்டி.